பாட்டின் முதல் வீச்சு

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் ‘பொத்தான் அக்கா’ என்று பெயர். காது டாக்டரின் அறையை ஒட்டிச் சத்தம் புகாத கண்ணாடிப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஓர் ஆள் உட்காரலாம்; ஆள் கொஞ்சம் பருமன் என்றால் முட்டியை மடக்கிக்கொண்டு உட்காரலாம். உள்ளே போகிறவர் தலையில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, “சத்தம் கேட்டா அமுக்குங்க. எவ்வளவு சின்னதா இருந்தாலும் அமுக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க” என்பாள். இருபத்திரண்டு வருஷமாக இதே மூன்று வாக்கியம்.

பொத்தான் கைக்கு வந்ததும் எப்பேர்ப்பட்ட மனிதரும் பரீட்சை எழுதும் பிள்ளையாகிவிடுவார். கேட்காததையும் கேட்டதாகச் சொல்லி மார்க் வாங்கப் பார்ப்பார். கண்ணாடி வழியே அவள் முகத்தில் விடை தேடுவார். அதனால் வெளியே உட்கார்ந்து மெஷினைத் திருகும்போது முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ள அவள் பழகியிருந்தாள். “உங்க மூஞ்சியப் பார்த்தா எனக்கு ஏதோ பெரிய வியாதின்னு பயமா இருக்கும்மா” என்று ஒரு பெரியவர் டாக்டரிடம் புகாரே கொடுத்துவிட்டார். டாக்டர் சிரித்தார். அவள் அப்போதும் சிரிக்கவில்லை.

வீட்டில் அப்படியெல்லாம் கல்லாக இருக்க முடியாது. வீட்டில் இருந்த புருஷன் மெக்கானிக். பஸ் டிப்போவில் முப்பது வருஷமாக டீசல் என்ஜின்களோடு மல்லுக்கட்டுகிறவர். அவருக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று, மகளைப் படிக்க வைப்பது. அது நடந்துகொண்டிருந்தது, மகள் வேறு ஊரில் ஹாஸ்டலில் இருந்தாள். இன்னொன்று, ஒரு பாட்டின் முதல் வீச்சைக் கண்டுபிடிப்பது. அது மட்டும் இருபத்தேழு வருஷமாக நடந்தபாடில்லை.

உலகத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த ராக் பாட்டு அது. ஒரே ஒரு கிட்டார் வீச்சோடு தொடங்கும். எல்லாக் கம்பிகளும் ஒன்றாக ‘ஜாங்’ என்று அதிரும். ஒரு மூச்சு நேரம் மௌனம். அப்புறம்தான் டிரம்மும் பாடுகிறவரும் வருவார்கள். அந்த ஒரு வீச்சுக்கு விரல்களை எங்கெங்கே வைத்தார்கள் என்பதற்கு ஆளுக்கு ஒரு பதில் சொன்னார்கள். வாசித்தவர்கள் மட்டும் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

கல்யாணமான புதிதில் மெக்கானிக்குக் கிடைத்தது அந்தக் கிட்டார். யாரோ ஒரு பயணி பஸ்ஸில் மறந்துவிட்டுப் போனது. டிப்போ அறையில் குடைகளோடும் ஒற்றைச் செருப்புகளோடும் ஆறு மாதம் கிடந்தது. கேட்டு யாரும் வராததால் ஏலம் விட்டார்கள். கை தூக்கியவர் இவர் ஒருவர்தான். அன்று சாயங்காலம் கிட்டாரைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றவரைப் பார்த்து, நமக்கு வாய்த்தவர் பாடகர் போலிருக்கிறது என்று அவள் பூரித்துப்போனாள். அவருக்குப் பாடவே வராது என்பது அடுத்த அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

என்ஜினில் எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற டீசலை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும். எதை நிறுத்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் குற்றவாளி. மெக்கானிக் பாட்டையும் அப்படித்தான் பிரித்தார். கேசட்டை ஓட விடுவார், முதல் வீச்சு வந்ததும் நிறுத்துவார். கிட்டாரில் ஒரு கம்பியை விரலால் அடக்கிவிட்டு மற்ற ஐந்தையும் மீட்டுவார். மறுபடி கேசட். அடுத்த கம்பி. பஸ் டிரைவர்கள் எழுதித் தூக்கிப்போட்ட பழைய ட்ரிப் ஷீட்டுகளின் பின்பக்கம் ஆறு கோடுகள் போட்டு, விரல் வைத்த இடத்தில் புள்ளி வைப்பார். புள்ளி எல்லாம் கிரீஸ் படிந்த கட்டை விரலின் அச்சோடு இருக்கும். கேசட் போய் சிடி வந்து, சிடி போய் செல்போன் வந்தது. ட்ரிப் ஷீட் மட்டும் மாறவில்லை.

ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்வார்.

“கீழ எல்லாம் சரியா இருக்கும்மா. மேலதான். மேல ஏதோ ஒண்ணு மினுங்குது பாரு, அது இந்தக் கம்பிகள்ல எங்கயுமே இல்ல.”

“இல்லைன்னா விடுங்களேன்.”

“பாட்டுல இருக்கே! இருக்கிறதை எப்படி விடறது?”

அந்த மினுக்கு அவளுக்கும் கேட்கும். கீழே ஜாங் என்ற அதிர்வு, அதன் உச்சந்தலையில் மெல்லிசாக ஒன்று. காய்கறி நறுக்கிக்கொண்டே இருபத்தேழு வருஷம் கேட்டதில் அந்த வீச்சு அவளுக்கு வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது.

போன வருஷம் ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து கூப்பாடு வந்தது.

“வா, வா, சீக்கிரம் வா! கிடைச்சிடுச்சு!”

ஏதோ காணாமல் போன சாவியாக்கும் என்று ஈரக் கையோடு போனாள். மெக்கானிக் கட்டில் நுனியில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார். செல்போனில் முதல் வீச்சைப் போட்டார். நிறுத்தினார். பிறகு தான் ஒரு வீச்சு வீசினார்.

“எப்படி? அச்சு அசல்! ரெண்டுக்கும் ஏதாவது வித்தியாசம் சொல்லு பார்ப்போம்!”

வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருந்தது. கீழே எல்லாம் சரி. மேலே அந்த மினுக்கு இல்லவே இல்லை. விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம் அவர் கண்ணைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. மகள் பிறந்த அன்றைக்கு நர்ஸ் துணியை விலக்கிக் காட்டியபோது பார்த்த அதே முகம்.

அவள் கை தட்டினாள். வேறென்ன செய்வாள்? தட்டும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பாட்டில் இருக்கிற அந்த மினுக்கு இந்த மனுஷனுக்கு இப்போது கேட்கவில்லை. கேட்காததால்தான் இரண்டும் ஒன்றாகிவிட்டது. இருபத்தேழு வருஷமாகத் தேடியதை இவர் கண்டுபிடிக்கவில்லை, தொலைத்திருக்கிறார்.

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. வாஷிங் மெஷின் வேலை முடிந்து கீச்சுக் கீச்சென்று கத்தினாலும் இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. சோம்பேறி என்று எத்தனை நாள் திட்டியிருப்பாள்! டிவி சத்தம் மாதத்துக்கு ஒரு புள்ளி ஏறிக்கொண்டு போனது. எதைச் சொன்னாலும் “சரி சரி” என்கிற புதுப் பணிவு வேறு. வயசாக ஆக மனுஷன் பக்குவப்பட்டுவிட்டார் என்று அவள் தன் அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில். அன்று முழுக்க அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

டெஸ்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டால் வருகிற ஆளா?

“எனக்கா? பஸ் கேட்டுக்குள்ள நுழையறப்பவே எந்த பெல்ட் லூஸுன்னு சொல்றவன் நான்.”

ஆகவே பொய் சொன்னாள். “புது மெஷின் வந்திருக்குங்க. அது சரியா வேலை செய்யுதான்னு பார்க்க நல்ல காது ஒண்ணு வேணும். டாக்டர் உங்களைத்தான் கேட்டார்.” மெக்கானிக் மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து இறங்கினார்.

அவள் அவர் தலையில் ஹெட்ஃபோனை மாட்டினாள். மூன்று வாக்கியங்களைச் சொன்னாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து தாழ்ந்த சுருதியில் தொடங்கினாள். அமுக்கினார். சத்தத்தைக் குறைத்தாள். அமுக்கினார். சுருதியில் மேலே மேலே போனாள், சத்தத்தைப் பூனை நடக்கிற அளவுக்குக் குறைத்தாள். அதற்கும் பொத்தான் விளக்கு டக்கென்று எரிந்தது. அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காது பொன்னாக இருக்கிறது, நாம்தான் வீணாகக் கலங்கியிருக்கிறோம்!

ஆனால் ஐம்பத்து நாலு வயசு டீசல் மெக்கானிக்குக்குப் பத்து வயசுப் பிள்ளையின் காது எங்கிருந்து வரும்? சந்தேகம் வந்ததும் அவள் ஒரு காரியம் செய்தாள். கையை மெஷின்மேல் வைத்தாள், சத்தம் எதையும் அனுப்பவில்லை. விளக்கு எரிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரார் எத்தனையோ ஆயிரம் பேருக்குக் கல்லாக இருந்த முகம் இவருக்கு முன்னால் கல்லாக இல்லை. ஒவ்வொரு சத்தத்தையும் அனுப்பும்போது, ‘கேட்டுவிட வேண்டுமே’ என்று அவள் புருவம் தானாக மேலே போயிருக்கிறது. மனுஷன் புருவத்தைப் பார்த்துப் பார்த்து அமுக்கியிருக்கிறார்.

கதவைத் திறந்து, “கொஞ்சம் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருங்க” என்றாள்.

“ஏன்?”

“மெஷினுக்கு அதுதான் வசதி.”

இரண்டாவது தடவை அவருடைய பின்னந்தலை மட்டும் தெரிந்தது. கையில் பொத்தான், அதன்மேல் கிரீஸ் ஏறிய கட்டை விரல். தாழ்ந்த சுருதிகளுக்கு விரல் இறங்கியது. மேலே போகப் போக விரல் யோசித்தது. அப்புறம் நின்றுவிட்டது. அவள் சத்தத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். சத்தம் போகிறது என்று மெஷினில் இன்னொரு விளக்கு எரிகிறது. விரல் அமுக்கத் தயாராக அப்படியே காத்துக்கொண்டிருக்கிறது. எத்தனையோ விரல்கள் அப்படிக் காத்திருந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அழுதது இந்த ஒரு விரலுக்குத்தான்.

வெளியே வந்தவர், “என்ன, மெஷின் நல்லா இருக்கா?” என்றார்.

“மெஷின் நல்லா இருக்குங்க.”

அவள் சொன்ன விதத்திலேயே புரிந்துகொண்டார். எது வரை கேட்டது என்று மெஷின் கோடு போட்ட காகிதத்தை அவள் காட்டினாள். கோடு சமமாக வந்து, உயர்ந்த சுருதிகளில் பள்ளத்தில் விழுந்திருந்தது. முப்பது வருஷ என்ஜின் சத்தம் தோண்டிய பள்ளம்.

“எனக்கு முதல் தடவையே மேல ஒண்ணும் கேக்கலை” என்றார். “உன்னைப் பார்த்துத்தான் அமுக்கினேன்.”

“ஏங்க அப்படிப் பண்ணீங்க?”

“நல்ல காது வேணும்னியே.”

அவள் காகிதத்தை நாலாக மடித்தாள். அவரே அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். “விடும்மா. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. பாட்டைக் கண்டுபிடிச்ச அப்புறம்தானே காது போச்சு. முன்னாடியே போயிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? அது போதும் எனக்கு.”

காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் இரண்டு ஆர்டர் பண்ணினார்கள். பத்து நாளில் வந்தது. வந்ததை அவள் மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினாள். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை. வீட்டில் கேட்டால், “இன்னும் வரலைங்க” என்றாள். ஊராருக்குப் பெட்டியைப் பிரித்த அன்றைக்கே மாட்டி அனுப்புகிறவள்! மாட்டினால் இவர் முதல் வேலையாக அந்தப் பாட்டைத்தான் போடுவார். மினுக்கு கேட்டுவிடும். இப்போது டிப்போவில் ஒவ்வொருவரிடமும் வாசித்துக் காட்டிக்கொண்டு திரிகிற மனுஷன் அப்போது என்ன ஆவார்? காதைக் கொடுத்தால் பாட்டு போகும், பாட்டை விட்டுவைத்தால் காது போகும். இரண்டில் எதை எடுப்பாள்?

அந்த நாட்களில், தன் காதுமேலேயே சந்தேகம் வந்து, மதிய இடைவேளையில் கண்ணாடிப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்து முதல் வீச்சை நூறு தடவை கேட்டாள். மினுக்கு இருக்கத்தான் இருந்தது. டாக்டர் தட்டிக் காதருகே பிடிக்கிற ஆறு இரும்பு இசைக்கவைகள் மேஜையில் இருந்தன. ஒவ்வொன்றாகத் தட்டிப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். இருப்பதிலேயே குட்டியான கவையைத் தட்டியதும் கை மயிர் சிலிர்த்தது. கிட்டத்தட்ட இதேதான். கிட்டார் கம்பியே இல்லை அது! கிட்டாரை வீசிய அதே நொடியில், பக்கத்தில் வேறொருவர் ஒரு சின்ன இரும்பைத் தட்டியிருக்கிறார். ஆறு கம்பியில் இருபத்தேழு வருஷம் தேடியும் கிடைக்காமல் போனதில் என்ன ஆச்சரியம்? கண்டுபிடித்த சந்தோஷத்தை ஓடிப்போய்ச் சொல்ல இருந்த ஒரே ஆள் அவர்தான். அவரிடம் சொல்ல முடியாது. கவையைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் போன் பண்ணினாள். மெக்கானிக்தான் எடுத்தார். “சரி சரி... ரொம்ப சந்தோஷம்மா... அப்படியே பண்ணு” என்று வாயெல்லாம் பல்லாகப் பேசிவிட்டுப் போனை அவளிடம் நீட்டினார். அந்தப் பக்கம் மகள் விசும்பிக்கொண்டிருந்தாள்.

“ஒரு பேப்பர்ல ஃபெயில்மா. படிப்பை விட்டுட்டு வந்துடலாம்னு இருக்குன்னு சொன்னேன். ரொம்ப சந்தோஷம், அப்படியே பண்ணுன்னுட்டார்மா அப்பா.”

மகளைச் சமாதானப்படுத்தி, அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்ற விஷயத்தையும் சொல்லிப் போனை வைத்தாள். மெக்கானிக் ஆவலாகப் பார்த்தார்.

“குட்டி ஏதோ நல்ல சேதி சொன்னா போல இருக்கே?”

அவள் அந்த நிமிஷமே முடிவு பண்ணினாள். பாட்டு போனால் போகட்டும், பெண்ணின் அழுகை கேட்காத காது யாருக்கு வேண்டும்?

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய், டிராயரைத் திறந்து, இரண்டு காதிலும் மாட்டிக் கம்ப்யூட்டரில் அளவு வைத்தாள். என்ஜின் ஓடுகிற இடத்தில் கழற்றிவிட்டுக் காதை மூடிக்கொள்ள வேண்டும் என்று மூன்று தடவை சொன்னாள்.

“நீ பேசறது என்ன இப்படிக் கீச்சுக் கீச்சுன்னு இருக்கு?” என்றார்.

“எப்பவும் இப்படித்தாங்க பேசறேன்.”

அவர் சிரித்தார். நாற்காலி கிறீச்சிட்டதற்குத் திரும்பிப் பார்த்தார். சாவிக்கொத்தை எடுத்து ஆட்டி ஆட்டிப் பார்த்தார். பிறகு, அவள் பயந்தபடியே, செல்போனை எடுத்தார். முதல் வீச்சு வந்தது. நிறுத்தினார். மறுபடி போட்டார். மூன்றாவது தடவை போட்டுவிட்டுப் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்.

“நான் கண்டுபிடிச்சது தப்பு.”

“ஆமாங்க.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே.”

“கை தட்டினியே?”

“நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எனக்கு மனசு வரலை. இந்த மெஷினும் வந்து ரெண்டு வாரமாச்சு. நான்தான் மறைச்சு வெச்சேன்.” சொல்லிவிட்டுத் திட்டு வாங்கத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

திட்டு வரவில்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இருபத்தேழு வருஷமா என் காது சரியாத்தாம்மா இருந்திருக்கு! நல்லாக் கேட்டதாலதான் கண்டுபிடிக்க முடியலை. நான் முட்டாள்னு இல்ல நினைச்சிட்டு இருந்தேன்!”

அவளுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. “மேல இருக்கிறது என்னன்னு எனக்கு...” என்று தொடங்கினாள். டீசல் வாசனை அடிக்கிற கை அவள் வாயைப் பொத்தியது.

“சொன்னே, அவ்வளவுதான்! நானே கண்டுபிடிப்பேன்.”

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பேசினார். மகள் அழுதால் அழ விட்டார், சொன்னதற்கெல்லாம் சரியான பதில் சொன்னார். மகள் படிப்பை விடவில்லை. அதன்பின் புது ட்ரிப் ஷீட்டுகள் வந்தன. ஆறு கோடுகள், புள்ளிகள். பொத்தான் அக்காவுக்கு நாக்கு நமைச்சல் எடுத்தது. கம்பியிலேயே தேடிக்கொண்டிருக்கிறவரைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருப்பது பிள்ளை பெறுவதைவிடக் கஷ்டம் என்று தன் அக்காவிடம் சொன்னாள்.

மூன்றாவது வாரம், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாட்டி பொத்தானோடு உட்கார்ந்திருக்கும்போது போன் அடித்தது. மெக்கானிக். டிப்போவின் ஸ்டோர் அறையிலிருந்து கத்தினார். சாப்பாட்டு நேரம், என்ஜின் எதுவும் ஓடவில்லை, ஸ்டோர்காரர் கை தவறி ஒரு இரும்புத் தண்டைச் சிமென்ட் தரையில் போட்டுவிட்டாராம்.

“கம்பியே இல்லம்மா! இரும்பு! பக்கத்துல நின்னு யாரோ இரும்பைத் தட்டியிருக்கான்! ரெண்டு ஆள் வாசிச்சிருக்காங்க!”

“அப்படியா!” என்றாள் அவள், ஒன்றும் தெரியாதவள் போல. பெட்டிக்குள் இருந்த பாட்டி அவள் சிரிப்பைப் பார்த்துவிட்டுப் பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்கினாள்.

சாயங்காலம் அவர் அந்தத் தண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். நூலில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். அவள் கையில் ஒரு ஸ்பானரைக் கொடுத்துவிட்டுத் தான் கிட்டாரை எடுத்துக்கொண்டார். முதல் தடவை அவள் முந்திக்கொண்டாள். இரண்டாவது தடவை அவர். மூன்றாவது தடவை இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாலாவது தடவை கிட்டாரும் இரும்பும் ஒரே நொடியில் விழுந்தன. அறை முழுக்க அந்தப் பாட்டு தொடங்கப்போகிற மாதிரி இருந்தது. இரண்டு பேரும் அசையாமல், சத்தம் அடங்குகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பாரேன், ரெண்டு ஆள் வேண்டிய வேலை. நான் ஒருத்தனா இத்தனை வருஷம்...” என்றார் மெக்கானிக்.

“பக்கத்து ரூம்லதாங்க இருந்தேன்” என்றாள் அவள். “கூப்பிட்டிருந்தா வந்திருப்பேன்ல.”